சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலையை வகுப்பறையில் கற்பிக்கும்போது பெரும்பாலும் அமுதசுரபியிலேயே பாடம் நின்றுவிடுகிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்னும் வியப்பு மாணவர் உள்ளத்தை எளிதில் கவர்கிறது. தேர்வுக்கும் அதுவே போதுமானதாக அமைந்துவிடுகிறது. அப்பாத்திரம் எங்கே கொண்டுசெல்லப்பட்டது, யாருக்காக ஏந்தப்பட்டது, ஏந்தியவளை அரசு எவ்வாறு நடத்தியது என்னும் வினாக்கள் பின்தங்கிவிடுகின்றன. சீத்தலைச் சாத்தனாரோ இவ்வினாக்களுக்கே மிகுதியான இடம் தந்துள்ளார். பூம்புகாரில் உலக அறவி என்றோர் ஊரம்பலம் இருந்தது. பார்வையற்றோர், கால் முடங்கியோர், நோயுற்றோர், உற்றார் எவருமற்றோர் ஆகியோர் அங்கே கிடந்தனர். மணிமேகலை தன் பாத்திரத்தோடு சென்று சேர்ந்த இடம் அரண்மனையுமன்று, செல்வர் தெருவுமன்று. வீடற்றவர் கூடிய அந்த அம்பலமே.

உலக அறவியின் சிறப்பு அதன் கட்டடத்தில் இல்லை. அதன் வாயிலில் இருக்கிறது. அங்கு வந்து கிடப்பவரை நோக்கி, நீ யார், எவ்வூர், என்ன தொழில், ஏன் இங்கு வந்தாய் என்று வினவும் காவலர் எவரையும் சாத்தனார் அவ்வாயிலில் நிறுத்தவில்லை. சிறைக்கோட்டமோ காவலரால் ஆனது. மணிமேகலை அங்கும் நுழைந்து சிறைப்பட்டோர்க்கு உணவளிக்கிறாள். காவலர் வியந்து மன்னனுக்கு உரைக்க, அவன் அவளை வரவழைத்து, நீ யார், இப்பாத்திரம் எங்குக் கிடைத்தது என்று கேட்கிறான். ஆள்வோன் வாயில் முதலில் பிறப்பது அடையாளம் பற்றிய கேள்வியே என்பது கருதத்தக்கது. விடையிறுத்தபின் அவள் பொன்னையோ நிலத்தையோ வேண்டவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு வேண்டுகிறாள். மன்னனும் இசைகிறான். பத்தொன்பதாம் காதையின் பெயரே இம்மாற்றத்தைச் சொல்கிறது. ஆயினும் உதயகுமரன் வெட்டுண்டு இறந்தபின், அதே மன்னன் அவளையே சிறையிலிடுகிறான். இருபத்திரண்டாம் காதைக்குச் சிறைசெய் காதை என்று பெயர். அறக்கோட்டத்தைத் திறந்த கை, சிறைக்கதவையும் மறந்துவிடுவதில்லை என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை.

ஒரு பழங்காப்பியத்தைக் கொண்டு இந்நாளைய நகராட்சியை அளப்பது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். புகார் நகரத்தின் வரிமுறையும் ஜொகூர் பாரு மாநகரத்தின் வரிமுறையும் ஒன்றல்ல. அதனை எவரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் வீடற்ற ஒருவன் பொதுவிடத்தில் வந்து கிடக்கும்போது ஆட்சி அவனிடம் எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறது என்பது இரண்டு காலத்துக்கும் பொதுவானது. பசித்தாயா என்று கேட்பதும், நீ யார் என்று கேட்பதும் இரு வேறு ஆட்சிகளைப் படைக்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஜொகூர் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும், அதன் பின் வந்த ஒரு சட்டத்தையும், நம் வாழ்வைச் சொல்லும் ஒரு நாவலையும் காண்பது பயனுடையது.

ஜொகூர் பாருவில் தாசேக் உத்தாரா என்றொரு பகுதி உண்டு. மலாய் மொழியில் அப்பெயர் வடக்கு ஏரி எனப் பொருள்படும். 1970-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் அங்கே குடிசை கட்டி வாழ்ந்தவர்கள் நிலவுரிமை இல்லாத ஏழைகள். அவர்களுள் பெரும்பாலோர் மலாய்க்காரர். 1974 ஆகஸ்டு 24-இல் நாட்டின் பொதுத்தேர்தல் நடந்தது. குடியிருப்புக்கு ஆபத்து வராது என்று தேர்தல் காலத்தில் அவர்களுக்கு நம்பிக்கை ஊட்டப்பட்டதாகப் பின்னாளில் எழுதியோர் குறிக்கின்றனர். தேர்தல் முடிந்து ஒரு திங்கள் நிறைவதற்குள், செப்டம்பர் நடுவில், குடிசைகள் இடிக்கப்பட்டன. அப்போது மாநிலத்தின் மந்திரி பெசாராக இருந்தவர் ஒஸ்மான் சாஆட். 1967 முதல் 1982 வரை அப்பொறுப்பை வகித்தவர்.

இடிக்கப்பட்ட குடிசைகள் இந்நாட்டில் எண்ணிலடங்கா. தாசேக் உத்தாரா அவற்றுள் ஒன்றாக மறைந்து போகாமைக்குக் காரணம், அம்மக்கள் அடுத்துச் செய்த செயல். அவர்கள் உறவினர் வீடுகளுக்குக் கலைந்து செல்லவில்லை. வேறொரு புறம்போக்கைத் தேடி ஓடவுமில்லை. மந்திரி பெசார் அலுவலகத்தின் முன் வந்து கூடாரமடித்தனர். பாயும் சட்டியும் குழந்தைகளும் மாநில ஆட்சியின் வாயிலுக்கு இடம்பெயர்ந்தன. குடிசை என்பது வாழ்வதற்குத் தோதான இடத்தில் கட்டப்படுவது. அந்தக் கூடாரமோ காணப்படுவதற்குத் தோதான இடத்தில் அடிக்கப்பட்டது. ஏரிக்கரையில் வாழ்ந்த வரையில் அவர்கள் கோப்பில் ஒரு வரி. வாயிலில் அமர்ந்தபின்னரோ, அலுவலகம் செல்லும் ஒவ்வொருவரும் அவர்களைத் தாண்டியே செல்லவேண்டியிருந்தது. எழுத்தறிவு குறைந்தோர் எழுதிய மனு அது. அவர்கள் கூடாரத்தையே தாளாகக் கொண்டனர்.

அம்மனு எவ்வாறு படிக்கப்பட்டது? அதனை ஒரு வீட்டுவசதிச் சிக்கலாக ஆட்சி படிக்கவில்லை. ஒழுங்குச் சிக்கலாகவே படித்தது. மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தினர் கோலாலம்பூரிலிருந்து வந்து கூடாரவாசிகளுடன் நின்றனர். சங்கத்தின் பொதுச்செயலாளர் ஹிஷாமுடின் ராயிஸும், சோசலிச மக்கள் கட்சியின் சைட் ஹமிட் அலியும் கைது செய்யப்பட்டோருள் அடங்குவர். கூடாரம் கலைக்கப்பட்டது. செய்தி கோலாலம்பூரை எட்டியதும் செப்டம்பர் 21-இல் மாணவர்கள் பல்கலைக்கழக நிர்வாகத்தையே கைப்பற்றினர். அது நெடுநேரம் நிலைக்கவில்லை, சங்கம் இடைநிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பாலிங் வட்டார ரப்பர் சிறுதோட்டக்காரரின் வறுமையை முன்வைத்துக் கோலாலம்பூரில் பேரணி நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் கைதாயினர். பின்னாளில், 2022-இல், நாட்டின் பிரதமரான அன்வார் இப்ராகிம் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டதும் அந்த டிசம்பரில்தான். 1975-இல் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் திருத்தப்பட்டு, மாணவர் அரசியல் ஈடுபாட்டின் மீது கடுந்தடை விழுந்தது. அத்தடை தளரத் தொடங்குவதற்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வரலாற்றைத் திரும்பவும் ஒருமுறை படித்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். குடிசை இழந்தோர் முதல் இரண்டு வாக்கியங்களில் இருக்கின்றனர், பின்னர் காணாமற்போகின்றனர். கைது, கைப்பற்றல், பேரணி, தடுப்புக்காவல், சட்டத்திருத்தம் எனக் கதை மேலே செல்லச் செல்ல, அதன் எழுவாய் மாணவராகிவிடுகிறார். மாணவர் தலைவராயிருந்த கமாருஸமான் யாக்கோப் எழுதிய நினைவுநூலின் தலைப்பே, எல்லாம் தாசேக் உத்தாராவில் தொடங்கியது எனப் பொருள்படும். தொடங்கியது என்பது உண்மை. ஆனால் அம்மக்களுக்கு அது எங்கே முடிந்தது என்பதைச் சொல்லும் நூல் எதற்கும் அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. மாணவர் செய்த தியாகத்தைக் குறைத்து மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. ஹிஷாமுடின் ராயிஸ் நாட்டைவிட்டு வெளியேறி இருபது ஆண்டுகள் அலைந்து 1994-இல் திரும்பியவர், அவ்விலை சிறிதன்று. எனினும் உதவியவரைப் போற்றும் எழுத்து, உதவப்பட்டவரை மறந்துவிடும் போக்கு ஒரு திறனாய்வாளனின் கண்ணுக்குத் தப்பக்கூடாது. வகுப்பறையில் அமுதசுரபி ஒளிர, உலக அறவியில் கிடந்தோர் மங்கிப்போவதும் இதே நோயின் மற்றொரு அறிகுறியே.

தாசேக் உத்தாரா மக்கள் நகராட்சியிடம் செல்லாமல் மாநில ஆட்சியின் வாயிலுக்குச் சென்றது ஏன் என்று வினவுவோர் உளர். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது ஒரு விடை. மற்றொரு விடையும் உண்டு. ஊராட்சித் தேர்தல்கள் இந்தோனேசிய மோதலைக் காரணங்காட்டி 1965-இல் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே வேண்டும் என அது 1968-இல் அறிக்கை அளித்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தல் முறையையே நீக்கிவிட்டது. ஒரு தமிழர் தலைமையேற்று எழுதிய இவ்வறிக்கையை நம் மாணவர் அறிந்திருக்க வேண்டும். குப்பை அள்ளுவது முதல் குடிசை இடிப்பது வரை செய்யும் மன்றத்தில், குடிசையில் வாழ்பவனுடைய வாக்குக்கு வேலையில்லை என்ற நிலை அதன் பின்னர் நிலைபெற்றது. ஜொகூர் பாரு 1977-இல் நகராண்மைக் கழகமாயிற்று. 1994 ஜனவரி 1-இல் மாநகரமாயிற்று. மன்றத்தின் பெயர் வளர்ந்தது. மன்றத்தினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வளரவில்லை.

அக்காலத்தில் சட்டமும் குடிசைக்கு எதிராகவே நின்றது. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு, அனுமதியின்றி அரசு நிலத்தில் குடியேறுவதைக் குற்றமாக்கியது. 1969-இன் நெருக்கடிக்கால விதிகள், குடிசைகளை அகற்ற அதிகாரிகளுக்கு விரிந்த ஆற்றல் அளித்தன. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெற்றவருக்கும் அமைதியில்லை. ஆண்டு முடிவில் அவ்வுரிமமும் முடிந்துவிடும். டிசம்பர் 31 தோறும் வீடற்றவராகி, ஜனவரியில் மீண்டும் வீடு பெறும் வாழ்க்கை அது!

தமிழருக்கு இதில் தனிப்பட்ட ஒரு கணக்கு உண்டு. தோட்டத்து லயம் தொழிலோடு பிணைந்தது. வேலை போனால் கூரையும் போகும். 1950-ஆம், 1960-ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அப்பிணைப்பின் கொடுமை வெளிப்பட்டது. துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது அக்கொடுமைக்கு எழுந்த மறுமொழி. அதன் கைக்கு எட்டாதவர் பலர். 1969-இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோது மேலும் பலர் வெளியேறினர். நகரத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தவர்களை நம் நாளிதழ்கள் புறம்போக்குவாசிகள் என்று எழுதின. புறம்போக்கு என்பது தமிழகத்தில் தீர்வைக்கு உட்படாத பொதுநிலத்தைக் குறிக்கும் வருவாய்த்துறைச் சொல். குளமும் மேய்ச்சல் வெளியும் பாதையும் அதில் அடங்கும். எல்லாருக்கும் உரியது என்னும் பொருள் அதனுள் உறைந்திருந்தது. கடல் கடந்து வந்தபின் அது மனிதர் மேல் ஏறி அமர்ந்து, எவருக்கும் உரியரல்லாதார் என்று பொருள் திரிந்தது. தமிழகத்திலும் அச்சொல் இன்று வசையாகவே வழங்குகிறது. நிலத்தின் பெயரை ஆளுக்குச் சூட்டும் இவ்வழக்கை எழுத்தாளர் சிந்திக்காமல் கையாள்வது தவிர்க்கத்தக்கது.

சொல்லைப் பற்றிய பேச்சு 1977-ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டத்துக்கு இட்டுச் செல்கிறது. மலாயில் இதன் பெயரில் வரும் பாப்பா என்னும் சொல் ஏழ்மையுற்றோரைக் குறிப்பது. அது வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பர். பாவம் என்று நாம் வழங்கும் சொல்லுக்கும் அதுவே மூலம். பாவம் செய்தவனைப் பாவி என்கிறோம். துன்புறுவோனைக் கண்டும் ஐயோ பாவம் என்கிறோம். ஒரே சொல்லில் குற்றமும் இரக்கமும் கலந்து கிடக்கின்றன. அச்சட்டமும் அவ்வாறே கலந்து கிடப்பதுதான் வியப்பு. அதன் நோக்கம் பராமரிப்பும் மறுவாழ்வும் என்று சொல்லப்படுகிறது. அதன் வழிமுறையோ வேறு. பொதுவிடத்தில் பிச்சையெடுத்துத் தொல்லை தருவோனும், பிச்சையெடாவிடினும் பிழைக்க வழியோ தங்க இடமோ கண்ணுக்குப் புலப்படாமல் பொதுவிடத்தில் வாளாவிருப்போனும், தன்னைப் பற்றி நிறைவளிக்கும் விளக்கம் தர இயலாதோனும் ஆதரவற்றோர் என வகுக்கப்பட்டனர். அத்தகையவரை அதிகாரி பிடித்து நீதிபதி முன் நிறுத்தலாம். நீதிபதி ஒரு மாதம் வரை தற்காலிகமாகவும், பின்னர் மூன்றாண்டு வரையிலும் நல இல்லத்தில் இருக்குமாறு ஆணையிடலாம். இசைவின்றி வெளியேறுவது தண்டனைக்குரிய குற்றம். நீ யார் என்னும் மன்னனின் கேள்வி இங்கே சட்ட வாசகமாகவே ஏறிவிட்டது. விடை அதிகாரிக்கு நிறைவளிக்க வேண்டும் என்பது மேலும் ஒரு சுமை. பகலெல்லாம் உழைத்து இரவில் பூங்காவில் படுப்பவன் எந்த விளக்கத்தால் ஓர் அதிகாரியை நிறைவுசெய்வான்?

இச்சட்டத்தின் கண்கொண்டு ஆபுத்திரனைக் காண்போர்க்கு ஓர் உண்மை பளிச்சிடும். பெற்றவளால் கைவிடப்பட்டவன், வளர்த்த ஊராரால் துரத்தப்பட்டவன், மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, பகலில் ஓடேந்திப் பிச்சை பெற்று, உடற்குறையுடையோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டு, அந்த ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கியவன். வீடில்லை, வருவாயில்லை, பொதுவிடத்தில் உறக்கம், கையில் பிச்சை ஓடு. 1977-ஆம் ஆண்டின் சட்டத்தில் ஆபுத்திரன் தப்புவதற்கு ஒரு வழியும் இல்லை. அமுதசுரபி அவன் கைக்கு வருவதற்கு முன்னரே அவன் நல இல்லத்துக்கு அனுப்பப்பட்டிருப்பான். காப்பியம் அங்கேயே முடிந்திருக்கும்.

பொதுவிடத்தில் வாளாவிருப்போர் என்னும் தொடர் பற்றியும் சாத்தனார் ஒன்று சொல்லியுள்ளார். இந்திரன் பாண்டிய நாட்டில் மழையும் வளமும் பெருகச் செய்ததும் பசித்தோர் அம்பலத்துக்கு வருவது நின்றது. அதன்பின் அங்கு நிறைந்தவர் யார்? சூதாடுவோரும் வீண்பேச்சினரும் திரிவோரும். சோம்பல் அம்பலத்தில் குடியேறியது பஞ்சத்தில் அன்று, வளம் வந்தபோது! ஏழையையும் சோம்பேறியையும் ஒரே வரியில் கட்டிவைக்கும் சட்டமியற்றுவோர் இப்பகுதியைப் படிக்கலாம்.

சட்டம் குறிக்கும் நல இல்லங்களுள் ஒன்று ஜொகூரிலேயே உள்ளது. கிழக்குக் கரையில் மெர்சிங் நகரத்தை ஒட்டிச் சமூக நலத்துறை நடத்தும் டேசா பினா டிரி. தன்னைத்தான் கட்டியெழுப்பும் சிற்றூர் என்று அப்பெயரை மொழிபெயர்க்கலாம். அழகிய பெயர். அங்குப் பணிபுரிவோர் செய்யும் தொண்டு எளிதன்று. முதியவரும் மனநலம் குன்றியவரும் அங்கே உணவும் மருந்தும் பெறுகின்றனர், தெருவில் அது கிட்டாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. தன்னைத்தான் கட்டியெழுப்ப வேண்டியவன், தானே வந்தானா, தானே போகலாமா என்பதுதான் வினா. ஜொகூர் பாருவின் தெருக்களிலிருந்து மெர்சிங் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அத்தொலைவில் அவனுக்கு நாட்கூலி தந்த கடைக்காரர் இல்லை. உணவுப்பொட்டலம் தந்த கோயில் இல்லை. பேச்சுத்துணையான நண்பன் இல்லை. வீடில்லாதவனிடம் எஞ்சியிருந்த ஊரையும் அவ்வேற்பாடு எடுத்துக்கொள்கிறது.

பெயரளவிலேனும் மாற்றம் தெரிந்தது 2011-இல். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு அவ்வாண்டில் அஞ்ஜோங் சிங்கா என்னும் தங்கிடத்தைக் கோலாலம்பூரில் தொடங்கியது. பின்னர் ஜொகூர் பாருவிலும் ஒன்று அமைந்தது. அஞ்ஜோங் என்பது வீட்டின் முன்தாழ்வாரம். சிங்கா என்பது இடையில் தங்கிச் செல்லல். தமிழில் ஒரே சொல்லில் சொன்னால் திண்ணை. வழிப்போக்கனுக்கென்றே வீட்டின் முகப்பில் இடம் விட்டுக் கட்டிய இனத்துக்கு இச்சிந்தனை புதிதன்று. குறுகிய காலத் தங்கலும் வேலை தேடித்தரும் முயற்சியும் அதன் இயல்பு. உலக அறவிக்கு அருகில் வரக்கூடிய ஒன்று இந்நாட்டில் உண்டெனில் அது இதுவே. ஆனால் 2014 ஜூலையில், கோலாலம்பூர் நகர மையத்தில் வீடற்றோர்க்கு உணவு வழங்கும் குழுக்களுக்குத் தடை என்று கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தார். ஒரு கை திண்ணையைக் கட்ட, மறு கை சோற்றைத் தடுத்தது. சாத்தனாரின் மன்னனை நினைவூட்டும் செயல்.

நகராட்சிகள் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களும் கேட்கத்தக்கவை. பூங்கா எல்லாருக்கும் பொது. சிறுவர் விளையாடவும் முதியோர் நடக்கவும் அது வேண்டும். கழிவிடமும் தண்ணீரும் இல்லாத இடத்தில் பலர் கூடி வாழ்ந்தால் நோய் பரவும். அடுப்புத் தீ கூடாரத்தைக் கொளுத்தும். இருளில் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை. இவை உண்மை. அவ்வாறாயின் கழிவிடமும் தண்ணீரும் விளக்கும் தருவதே முதல் மறுமொழியாக இருந்திருக்க வேண்டும். லாரியும் இடிகருவியும் முதல் மறுமொழியானது ஏன் என்பதற்கு அந்நியாயங்களில் விடை இல்லை. புகாரிலும் எல்லாப் பூங்காக்களும் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. மலர் கொய்யப் புறப்பட்ட மணிமேகலைக்கு எந்தப் பொழிலுக்குள் செல்லலாம், எதற்குள் செல்லலாகாது என்று சுதமதி எடுத்துரைக்கும் பகுதி மூன்றாம் காதையில் உண்டு. பூங்காவை மூடிய நகரம் அம்பலத்தைத் திறந்து வைத்திருந்தது. அதுவே கவனிக்க வேண்டிய வேறுபாடு.

நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசியதில்லை. பேராக் மாநில அரசுக்கு எதிராகக் குடியேறிகள் தொடுத்த வழக்கில், மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 1982-இல், அத்தகையோர்க்குச் சட்டத்திலும் உரிமையில்லை, நியாயநெறியிலும் உரிமையில்லை எனத் தீர்த்தது. மூன்றாண்டுக்குப்பின், 1985-இல், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. எனினும் முறையாக அறிவித்தபின் அகற்றலாம் என்றும் சொல்லிற்று. நடைபாதையில் படுப்பவன் அங்குப் படுப்பது இன்பத்துக்காக அன்று, அருகில் வேலை இருப்பதால் என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே பெரிது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிறு நகரம், பூங்காக்களில் போர்வை விரித்துப் படுப்பதற்கும் அபராதம் விதித்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் நகரத்தின் பக்கமே நின்றது. செல்வம் மிகுந்த நாட்டிலும் கேள்வி மாறவில்லை.

வேலையில்லாதவனே வீடற்றவன் என்னும் எண்ணம் தவறு என்பதை ஜொகூர்வாசிகளுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று, அங்குத் தெருவில் உறங்குவோர் ஏறத்தாழ ஆயிரம் பேர் எனவும், அவர்களுள் பெரும்பாலோர் வேலை செய்பவர் எனவும் காட்டியது. 2020 மார்ச் 18-இல் எல்லை மூடப்பட்டபோது, வேலையை இழக்க விரும்பாமல் முதல்நாளே பாலத்தைக் கடந்த மலேசியத் தொழிலாளர் சிலர் கிராஞ்சி ரயில் நிலையத்தருகே வெறுந்தரையில் உறங்கினர். அவர்களுக்கு வேலையும் இருந்தது, ஜொகூரில் வீடும் இருந்தது. ஒரே இரவில் அவர்களும் வாளாவிருப்போர் ஆயினர்.

இனி நாவலுக்கு வரலாம். கே. எஸ். மணியம் 1981-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி ரிட்டர்ன்' கெடா மாநிலத்துப் பீடோங்கைக் களமாகக் கொண்டது. ஜொகூரைச் சொல்லும் கதையன்று. எனினும் தாசேக் உத்தாராவின் வரலாறு விட்டுவிட்ட பகுதியை அது நிரப்புகிறது. இந்தியாவிலிருந்து வந்து உழைத்துத் தனக்கென ஒரு கூரை அமைத்துக்கொண்ட பாட்டிக்கு, அந்நிலத்தின் கெரான் கையில் இல்லை. சலவைத் தொழிலாளியான அவள் மகன், நைனா என்று அழைக்கப்படுபவர், முதுமையில் ஒரு வெறியோடு அனுமதியற்ற நிலத்தில் வீடு கட்டுகிறார். அறிவிப்புகள் வருகின்றன. அவருடைய மொழியே சிதைகிறது. கனவும் வேண்டுதலும் கலந்த ஒரு பேச்சு அவர் வாயில் பிறக்கிறது. இறுதியில் அவ்வீட்டோடு தாமும் எரிந்து மடிகிறார்.

இந்நாவலைப் பண்பாட்டு வேர் தேடும் கதையாகப் படிப்போர் பலர். அப்படிப்பும் பிழையன்று. ஆனால் அவ்வாறு மட்டும் படித்தால், நைனாவைக் கொன்றது மனப்பிறழ்வு என்று சொல்லி நகர்ந்துவிட நேரும். மனப்பிறழ்வுக்கு முன் அறிவிப்பு வந்தது என்னும் வரிசையை விட்டுவிடலாகாது. அங்கே எந்தக் கொடிய அதிகாரியும் இல்லை; அடியாட்கள் இல்லை. தாள் ஒன்றே எதிர்ப்பாத்திரம். ஊராட்சியின் வன்மையை இவ்வளவு அமைதியாகக் காட்டிய படைப்புகள் நம்மிடம் மிகுதியாக இல்லை. மற்றொன்றும் நோக்கத்தக்கது. கதை சொல்பவன் மகன் ரவி. இங்கிலாந்து சென்று பயின்று திரும்பிய ஆசிரியன். அந்நாவலில் உதவ வல்லவன் அவன் ஒருவனே. எனினும் மணியம் அவனை மீட்பனாக்கவில்லை. நெருப்பில் நிற்பவர் நைனாவாகவே இருக்கிறார். கதை அவரைவிட்டு மாணவனிடமோ ஆசிரியனிடமோ ஓடிவிடவில்லை. தந்தைக்கு வந்த தாளைப் படிக்கும் கல்வி மகனிடம் இருந்தது. அதனைத் திருப்பி அனுப்பும் வழி அவன் கற்ற பாடத்தில் இல்லை.